கன்னத்தில் கை

தொழிலாளி வாய் திறக்கும் முன்பே அவர் மனத்தைப் படித்துவிடுபவன்தான் உண்மையான நிர்வாகி. மேனேஜர் இதை இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் கற்று, சான்றிதழும் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தலைக்கு மேல் மாட்டியிருந்தார். மாட்டிய மாதத்திலேயே இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

"மூணாவது ஆள் போனா, நாலாவது நீங்கதான்" என்று முதலாளி காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது எதிர் நாற்காலியில் கட்டிங் மாஸ்டர். ஒரு கை கன்னத்தில். இன்னொரு கையில் நாலாக மடித்த கடிதம். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். இந்த மனிதர் வைத்திருந்தார். இவர் துணி வெட்டாவிட்டால் அந்தத் தையல் கம்பெனியில் ஒரு சட்டைகூட நகராது.

"சார்... லெட்டர்..." முனகலோடு நீட்டினார்.

மேனேஜர் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கையில் வாங்கிவிட்டால் ராஜினாமா செல்லுபடியாகிவிடும் என்பது அவர் இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்ட சட்டம்.

"அது கெடக்கட்டும் மாஸ்டர். மொதல்ல டீ குடிங்க."

மாஸ்டர் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணில் நீர் முட்டியது. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

காயம் ஆழமானது என்று மேனேஜர் படித்துக்கொண்டார். இனி பகல் ஷிஃப்ட் மட்டும் போதும் என்றார். மாஸ்டர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். வெட்டும் மேஜைக்குத் தனி மின்விசிறி என்றார். ஒரு பெருமூச்சுதான் வந்தது. மேனேஜருக்குக் கழுத்துப்பட்டி நனைந்தது.

"சரி, மனசு விட்டே பேசிடறேன். நேத்து வந்த என் மச்சினனை உங்க தலை மேல சூப்பர்வைசரா உக்கார வெச்சது தப்புதான்."

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த நிமிடமே போனை எடுத்து, நாளை முதல் மாஸ்டர்தான் சூப்பர்வைசர், நீ அவருக்குக் கீழே துணி மடி என்று மச்சினனிடம் சொன்னார். அக்காவிடம் பேசிக்கொள்கிறேன் என்று மறுமுனை பட்டென்று வைத்தது. வீட்டில் இன்று அடுப்பு எரியாது. போகட்டும், நாற்காலி தப்பியது.

மாஸ்டர் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டோம் என்று மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப திருப்திதானே? அந்த லெட்டரை உங்க கையாலேயே கிழிச்சுப் போடுங்க."

மாஸ்டர் கன்னத்துக் கையை எடுக்கவில்லை.

"கிழிச்சுட்டா எப்படி சார்? அரை நாள் லீவு லெட்டர். பல்லு புடுங்கணும்."