போகாத புள்ளி

துரைமார்கள் சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போகும் சாமான்களைப் பூந்தமல்லியில் விற்றுவந்தார் செங்கல்வராயன். அவர் கடையில் போட்டோவைப் பெரிதாக்கும் மூன்று என்லார்ஜர்களைப் புரட்டிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து வாங்கிவந்தார் கங்காதரன். கிழிந்த தோல் துருத்தியை ஒட்டினார், துருவைத் தேய்த்தார். அம்பத்தூர் வீட்டின் பின்னறையை இருட்டாக்கி, மனைவி தாட்சாயிணியின் சின்னப் படத்தைத்தான் முதலில் பெரிதாக்கினார்.

படம் பளிச்சென்று விழுந்தது. கூடவே ஒரு கறுப்புப் புள்ளியும் விழுந்தது.

"புள்ளி போவட்டும், அப்புறம் காட்டறேன்" என்று மனைவியைக் கிட்டே விடவில்லை. எட்டு நாள் லென்ஸைத் துடைத்தார். புள்ளி போவேனா என்றது.

ஒன்பதாம் நாள் செங்கல்வராயனை வீட்டுக்கே இழுத்துவந்துவிட்டார்.

"ஓட்டை மெஷினை என் தலையில கட்டிட்டியேய்யா! தூக்கிகினு போ!"

செங்கல்வராயன் படத்தைப் பார்த்தார். மோர் கொண்டுவந்த தாட்சாயிணியையும் பார்த்தார்.

"தூசு வெளிச்சத்தை மறைக்கும் அண்ணாத்தே. வெளிச்சம் படாத எடம் படத்துல வெள்ளையாத்தான் வுழும். இது கறுப்பா கீதே! மெஷின் மேல தப்பு இல்ல."

"பின்ன யார் மேல?"

தாட்சாயிணி படத்தை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பில் மோர்ச் செம்பு தளும்பியது.

"கல்யாணமாகி நாலு வருசமா என் மோவாயில கீற மச்சத்தையா எட்டு நாளா தொடச்சிகினு இருந்தீங்க?"