ஆர்டித்துக்கு ஒரு புதுப் பாட்டு

“ஒரே ஒரு புதுப் பாட்டு எழுதிக் குடுடி, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினாள் நடீன்.

ஆர்டித் பாஞ்சோவின் தந்தியை முறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினாள். “வர மாட்டேங்குது நடீன். நானா வேணாங்கிறேன்?”

நடீனின் மதுக்கடை இந்த டென்னஸி மலையடிவாரத்தில் முப்பது வருஷமாக இருக்கிறது. நூல் மில் மூடியதும் குடிக்க ஆள் குறைந்துபோனது. டயர் கடைக்காரர் ரெண்டு தடவை வந்து கட்டிடத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார். நடீன் விடுவாளா? டிவியைக் கழற்றினாள், பில்லியர்ட்ஸ் மேசையைத் தள்ளிவிட்டாள், பலகை அடித்து மேடை போட்டாள். வாசலில் ‘மண்ணின் இசை. பாடுவதெல்லாம் சொந்த வாழ்க்கை’ என்று போர்டு மாட்டினாள். கூட்டத்தை இழுத்ததே அந்த ரெண்டாவது வரிதான். இப்போது அவள் கழுத்தைப் பிடிப்பதும் அதேதான்.

“கற்பனையா ஏதாவது எழுதேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“நல்லாச் சொன்ன போ. போன மாசம் ஒருத்தன் ஜெயில்ல கிடந்த மாதிரி உருகி உருகிப் பாடினானே, என்னாச்சு? மூணாவது வரிசையில ஷெரிஃபோட தங்கச்சி எந்திரிச்சு, ‘நீ எப்பப்பா உள்ள இருந்த?’ன்னு கேட்டா. பாதியிலேயே இறங்கி ஓடினான்.”

இந்த ஊரில் யார் வீட்டில் என்ன சமையல் என்பதுகூட எல்லோருக்கும் தெரியும்.

“இன்னைக்கு நாஷ்வில் ரேடியோக்காரம்மா வர்றா. பிடிச்சுப்போச்சுன்னா சனிக்கிழமை தவறாம இங்கேருந்து ஒலிபரப்பு. கடை பிழைச்சுக்கும். இல்லேன்னா டயர்தான்.”

“எனக்கு மட்டும் ஆசையில்லையா? நாப்பத்தெட்டு வயசுல முதல் தடவையா ரேடியோ. ஆனா காலைல எந்திரிச்சா சோள ரொட்டி சுடச்சுடத் தட்டுல இருக்கு. ராத்திரி படுத்தாத் தூக்கம் வருது. இதை வச்சு என்னத்தடி பாட?”

ரேடியோக்கார அம்மாள் பேஜ் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிட்டாள். வாசலில் ஹோபர்ட் அவள் கையைப் பிடித்து முத்திரை குத்தினார். டிக்கெட் பார்ப்பது, நாற்காலி போடுவது, பாட்டு நடக்கும்போது பேசுகிறவர்களை அடக்குவது எல்லாம் ஹோபர்ட்டின் பொறுப்பு. வாயைத் திறந்தால் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார். அவருக்குப் பயந்தே ஊர் இருமலை அடக்கிக்கொள்ளும்.

ஆர்டித் பாட ஆரம்பித்தாள். அம்மா விட்டுப்போன தையல் மிஷினைப் புருஷன் விற்றுக் குடித்த பாட்டு. மகளின் பிறந்தநாளன்று கேக் மேலேயே அவன் விழுந்து தூங்கிய பாட்டு. பனியில் கிடந்தவனைச் சாக்கில் போட்டு வீட்டுக்கு இழுத்து வந்த பாட்டு.

பேஜ் கைக்குட்டையை எடுத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற ஹோபர்ட்டிடம், “இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?” என்று கேட்டாள்.

“பாட்டு நடக்கும்போது பேசக்கூடாதும்மா” என்றார் ஹோபர்ட். பாட்டு முடிந்ததும் அவரே குனிந்து, “ஒரு வரி பொய் கிடையாது” என்றார்.

“படுபாவி. என் கையில கிடைச்சான்னா செருப்பாலயே அடிப்பேன்.”

“வரிசையில வாங்கம்மா. உங்களுக்கு முன்னாடி இந்த ஊரே நிக்குது.”

முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹோபர்ட் விரலை உதட்டில் வைத்து முறைத்தார்.

பாட்டெல்லாம் முடிந்ததும் பேஜ் நடீனைத் தனியாக அழைத்தாள். ஆர்டித்தும் நின்றாள். ஹோபர்ட் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“குரல்னா இது குரல். ஆனா இந்தப் பாட்டெல்லாம் ஏற்கெனவே ஊர் பூரா சுத்திக்கிட்டு இருக்கு. என் செல்போன்லயே அஞ்சு இருக்கு. புதுசா ஒண்ணு வேணும், இதே மாதிரி வயித்தைப் பிசையணும். அடுத்த சனிக்கிழமை வர்றேன். இல்லேன்னா மன்னிச்சுக்குங்க, வேற ஊர் பார்க்கணும்.”

அவள் கார் கிளம்பிப் போனது. ஆர்டித் பாஞ்சோவைப் பெட்டிக்குள் வைத்தாள். பூட்டைப் போடத் தெரியாதவள்போலக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மேடைப் படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடீனுக்கும் அழுகையாக வந்தது. போய் அவளுக்கு ஒரு காபி வைத்துக் கொடுத்தாள். ஆர்டித் அதை எடுத்துக்கொண்டு, காற்று வாங்க வெளியே போனாள்.

ஹோபர்ட் கடைசி நாற்காலியை அடுக்கிவிட்டு வந்து, கவுன்ட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“ஒரு விஸ்கி ஊத்து நடீன்.”

கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த நடீனின் கை அப்படியே நின்றது. “விளையாடாதே ஹோபர்ட். பதினோரு மாசமாத் தொடாம இருக்க. உனக்கு ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்னு பைபிள் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“பெரிய கிளாஸ்ல ஊத்து” என்றார் ஹோபர்ட். “என் பொண்டாட்டிக்குச் சனிக்கிழமைக்குள்ள ஒரு பாட்டு வேணும்.”