மந்தைவெளியில் ஒரு சாப்பாட்டுக்கடை

ஆஸ்பத்திரிக்குள் கற்பூரம் கொளுத்த விடமாட்டார்கள். விட்டிருந்தால் அன்றைக்கே அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். இப்போதும் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

என் மனைவி பெரியம்மாள் விஷக்காய்ச்சலில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படுத்து ஆறு நாள். ஆறு நாளும் ரொட்டி, கஞ்சித் தண்ணீர்.

ஏழாம் நாள்தான் டாக்டர் சோறு சாப்பிடலாம் என்றார். அவள் ஆசைப்பட்டது சாமைச்சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும்.

வடக்கனந்தலில் எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு முட்டைக்கோழி. மகள் கலையரசி யோசிக்காமல் அதை அடித்துக் குழம்பு வைத்து, தூக்கில் சாமைச்சோற்றின் மேல் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"எங்கியும் நிக்காத, நேரா அம்மாகிட்ட போய்க்கினே இரு" என்றாள்.

நானும் நேராகத்தான் போனேன். கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். நான்குமுனைச் சந்திப்பில் ஒரு வாசனை என்னை வழிமறித்தது.

போலீஸ்காரர் கை காட்டினாலும் நிற்காத கரும்பு லாரி ஒன்று அந்த வாசனைக்கு நின்றது.

மூக்கு முன்னே போக, நான் பின்னால் போனேன். ஜவுளிக்கடைச் சந்து, மாவு மில், அதற்கும் பின்னால் ஒரு தெரு. முப்பது வருஷமாக வந்துபோகிற ஊரில் இப்படி ஒரு தெரு இருப்பதே எனக்குத் தெரியாது.

வாசனை மந்தைவெளிப் பக்கம் ஒரு கீற்றுக்கொட்டகையில் போய் முடிந்தது. கடைக்காரி லட்சுமியம்மாள், மலைமேல் இருக்கிற கரியாலூர்க்காரி. சாமை, விறகு எல்லாம் மலையிலிருந்துதான் வரும். உலை வைக்கிற தண்ணீரைக்கூட அருவியில் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி வருகிறாள்.

அந்தக் குழம்பை என்னவென்று சொல்ல? பக்கத்து இலையில் பல்லே இல்லாத ஒருவர் எலும்பைக் கடித்தார், உடைந்தது. வரப்புத் தகராறில் பன்னிரண்டு வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் ஒரே ஈரலைப் பங்கு போட்டுக்கொண்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் லட்சுமியம்மாளின் மூக்கு என் தூக்கின் பக்கம் திரும்பியது.

"இன்னா பெரியவரே, எங்கடைக்கே கொழம்பு கொண்டாந்து காட்றியா?"

மூடியைத் திறந்து விரலால் தொட்டு நக்கினாள். கரண்டியைக் கீழே வைத்தாள். இருபது வருஷமாகத் தான் வைத்ததெல்லாம் வெறும் வெந்நீர் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கடை முழுக்கக் கை நீண்டது. ஆளுக்கு ஒரு வாய். மகளுக்குக் கிடைக்கிற மரியாதையை அப்பன்காரன் எப்படித் தடுப்பது? கடைசித் துண்டுக்கு அண்ணனும் தம்பியும் மறுபடி அடித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் பெரியம்மாளின் கட்டிலருகே நின்று, தூக்கை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் நான் வருவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலைவாரிப் பின்னியிருந்தாள். மடியில் கழுவின தட்டு.

குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

நான் முடித்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"உம் பொண்ணு காரம் ஜாஸ்தியா போட்ருப்பாளே. தண்ணி குடிச்சியாய்யா?"

வாங்கிக் குடித்தேன். பாட்டில் காலியான பிறகும் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ரொட்டிப் பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்டது.

அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் கடையடைப்பு. ஊர் முழுக்க ஒரு டீக்கடைகூடத் திறக்கவில்லை.