சந்தனம் பூசிய லேப்டாப்

ஆயுத பூஜையன்று நித்திலா தன் லேப்டாப்பைத் துடைத்து, முதுகில் சூடு வெளியேறும் ஓட்டைகளின் மேலேயே தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். லேப்டாப்புக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் தோழிகளோடு கார் பந்தய கேம். எல்லார் காரும் பறக்க, நித்திலாவின் கார் மட்டும் மாட்டுவண்டியாய் நகர்ந்தது. லேப்டாப் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

"அண்ணே, மூச்சு முட்டுது. சந்தனம் ஓட்டையை அடைச்சிருக்கு" என்று உள்ளேயிருந்த குட்டி ஃபேன் அலறியது.

"உனக்குப் பொட்டு வைக்கலைன்னு பொறாமை. இது அருள் வந்த சூடு தம்பி" என்றது லேப்டாப்.

அருள் முற்றித் திரை அணைந்தது.

நித்திலா கேமைக் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டே லேப்டாப்போடு ரிப்பேர் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் சிரித்தபடி பிரஷ்ஷால் ஓட்டைகளைச் சுத்தம் செய்தார். ஃபேன் ஜிவ்வென்று சுழன்றது. அன்று சாயங்காலமே நித்திலா பந்தயத்தில் ஜெயித்தாள்.

"இப்பவாவது புரிஞ்சுதாண்ணே?"

"புரிஞ்சுது தம்பி. இனிமே பொட்டே வேண்டாம்."

ஜெயித்த சந்தோஷத்தில் நித்திலா லேப்டாப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே ஓடிச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

லேப்டாப் மெல்ல முதுகைக் காட்டியது.

"தம்பி, கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்க."