பொங்கல் படம்

மாலை ஆறு பத்துக்கு கல்லூரி விடுதியிலிருந்து நிறைமதி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் திருடிவிடலாம் என்றான பிறகு, வீட்டுக் கதவுகள் ஆளை அடையாளம் காண ரசனையைத்தான் கேட்கின்றன.

"பொங்கலுக்கு வந்த படம் எப்படி?" என்று கேட்டது கதவு.

அவள் மூன்று முறை பார்த்து, எல்லோரிடமும் புகழ்ந்து தள்ளிய படம். நேற்று நான்காம் முறை பார்த்தபோது, நாயகன் நாயகியை அறையும் காட்சிக்கு அரங்கமே விசிலடித்தது. அவளுக்கு அந்தப் படமே வெறுத்துப்போனது.

"மட்டம்," என்றாள்.

கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அம்மா, நான்தாம்மா. ஒரு படம் பிடிக்காமப் போச்சு, அதுக்குப் போய் வெளிய நிக்க வைப்பியா?" என்று சிரித்தாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அம்மாவின் குரல் நடுங்கியது.

"என் பொண்ணுக்கு அந்தப் படம்னா உயிரு. அவளை என்ன பண்ணினே?"