பேய்க்குத் தனி வாடகை

வாடகைக்கு மேல் மாதம் இருநூறு. பேய்க்கு அந்தத் தையற்கார அம்மாள் போட்ட விலை அது.

வீட்டுத் தரகர் எத்தனையோ பார்ட்டிகளுக்கு வீடு காட்டியவர். பேயைக் காட்டி வாடகையைக் குறைக்கப் பார்த்தவர்கள் உண்டு. பேய் என்றதும் செருப்பைக்கூட மாட்டாமல் நடையைக் கட்டியவர்கள் உண்டு. பேய்க்கென்று கூடக் கொடுக்க வந்த ஆளை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

மத்தியான வெயில் காலிக் கூடத்தின் நடுவில் விழுந்து கிடந்தது. உட்கார நாற்காலி கிடையாது. மாடிப்படியில், நடுவே ஒரு படி விட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆனா நிச்சயமா இருக்கணும் தரகரே. காசை வாங்கிட்டு அப்புறம் வெறும் வீடுன்னு கையை விரிக்கக் கூடாது.”

“வெறும் வீட்டை உங்களுக்குக் காட்டுவேனாம்மா?”

வெறும் வீடுதான். அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பேயைக் கிளப்பிவிட்டதே அவர்தான்.

வீட்டுக்காரர் ஆகாயத்தில் நின்றுகொண்டு வாடகை கேட்டார். அவரைத் தரைக்குக் கொண்டுவர, தரகர் டீக்கடையில் ஒரு வார்த்தை போட்டார், முடிவெட்டும் கடையில் ஒரு வார்த்தை போட்டார். வாடகை இறங்கியது. பார்க்க வந்தவர்களும் வந்த வேகத்தில் படியிறங்கிப் போனார்கள். ஒரு வருடமாக வீடு பூட்டிக் கிடக்கிறது. இந்தப் பார்ட்டியும் கைநழுவினால் சாவியை வேறு தரகரிடம் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

“என்னென்ன பண்ணும்?” வேலைக்கு ஆள் எடுப்பவரைப் போல அம்மாள் விசாரித்தார்.

தரகருக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

“நடந்தா இடது செருப்பு மட்டும் தரையில இழுபடும். பாத்திர மூடியைக் கீழ போட்டுட்டு மூடியையே திட்டும். நீங்க உள்ள உட்கார்ந்திருக்கும்போதே லைட்டை அணைச்சிட்டுப் போயிடும். கரண்ட் பில்லுன்னா அதுக்கு அவ்வளவு பயம்.”

“சாப்பாட்டுச் செலவு?”

“உங்க கையைக் கடிக்காதும்மா.”

அம்மாள் சிரித்தார். சிரித்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். பாதியில் அது இருமலாகிவிட்டது.

“கூடக் குடித்தனம் பண்ணின மாதிரி சொல்றீங்களே.”

தரகர் வெயிலைப் பார்த்தார்.

பொய்க்கும் சரக்கு வேண்டும். ஒரு பெண் வீட்டுக்குள் எப்படி நடப்பாள், எதைத் திட்டுவாள் என்பது அவருக்குத் தெரிந்தது ஒரே ஒருத்தி விஷயத்தில்தான். அவர் மனைவி. அவள் கண்ணை மூடி மூன்று வருடம். பேய் தேவைப்பட்டபோது கைவசம் இருந்ததை எடுத்துக் கடை பரப்பிவிட்டார்.

பேரம் படியாது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்ட பார்ட்டிக்கும் முழுசாகச் சொன்னார். வேறு யாரிடம் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுவது?

“அக்கா வீட்டுல இருந்தேன்,” என்றார் அம்மாள். “பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க, ரூம் பத்தலை. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தா உள்ள யாராவது இருக்கணும். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாலும் பரவாயில்லை.”

சொல்லிக்கொண்டே பையிலிருந்து முன்பணத்தை எடுத்தார். தரகர் கையை நீட்டினார்.

அப்போது சமையலறையிலிருந்து, டங், டங் என்று இரண்டு தட்டு. கண்ணாடி டம்ளரில் கரண்டியால் தட்டுகிற சத்தம்.

அங்கே டம்ளரும் இல்லை, கரண்டியும் இல்லை. ஒரு துரும்பு விடாமல் துடைத்துப் பூட்டியது அவர்தான்.

அம்மாளின் முகம் மலர்ந்தது. “இதை நீங்க சொல்லவே இல்லையே!”

சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. சண்டை போட்ட நாட்களில் அவள் வாய் திறக்க மாட்டாள். டீயைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு டம்ளரில் இரண்டு தட்டு தட்டுவாள். ஆறுவதற்குள் வந்து தொலை என்று அர்த்தம்.

மூன்று வருடமாக அவர் தன் வீட்டில் காத்திருந்தார். அவளோ, அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்த விலாசத்துக்கு வந்திருக்கிறாள்.

நீட்டிய கையைத் தரகர் மடக்கிக்கொண்டார்.

“வீடு முடிஞ்சிடுச்சும்மா. வேற பார்ட்டி.”

“இவ்வளவு நேரம் இல்லாத பார்ட்டி இப்ப எங்கிருந்து முளைச்சுது? சரி, முந்நூறு.”

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“ஐநூறு தரேன்.”

ஏறுகிற விலைக்கு மாட்டேன் என்று அவர் தலையசைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அம்மாள் அவரையே பார்த்தார். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுகிற கண். பிறகு பணத்தைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது சமையலறைப் பக்கம் ஒரு தரம், ஆசையாக, எட்டிப் பார்த்தார்.

“கோபமா இருக்கா போல. போய்ப் பேசுங்க.”

வெளிக்கதவு சாத்திக்கொண்டது.

தரகர் எழுந்தார். கால் சமையலறையை நோக்கி நடக்க, மனசு மட்டும் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டது. வீட்டுக்காரருக்கு முன்பணம்: சொந்தக் கையிலிருந்து, சாயங்காலத்துக்குள். தரகு: தன்னிடம் தானே வாங்குவதற்கில்லை, தள்ளுபடி. தையற்கார அம்மாளுக்கு: ஒரு பேய், பாக்கி.