கையும் களவும்

மறுபடியும் இடது கைதான் நீண்டது.

டாக்டர் காட்டிய சிவப்பு வளையத்தை வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள் பாப்பா. ஒரு வாரமாக வீட்டிலும் இதே கூத்துதான்.

அம்மாவுக்கு மருந்துக் கடையில் வேலை. மருந்துப் பெயரெல்லாம் தெரியும், வைத்தியம் தெரியாது. பயப்பட அது போதும். பாப்பா இடது கைக்காரி என்று முதலில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டுதான் இருந்தாள். கடை முதலாளியிடமும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"எந்தக் கைன்னு ரெண்டு வயசுக்கு மேலதாம்மா தெரிய ஆரம்பிக்கும். பத்து மாசத்துல ஒரே கையா நீட்டினா, இன்னொரு கையில ஏதாவது கோளாறு இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டிடு."

அன்று போன தூக்கம் இன்னும் திரும்பி வரவில்லை. பிறந்தபோது குழந்தைக்குக் கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் என்ன ஆகியிருக்கும்? பகல் முழுவதும் பாப்பா இருப்பது பக்கத்துத் தெரு அக்காவின் வீட்டில். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா. கீழே போட்டிருப்பாளோ, வலது கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கியிருப்பாளோ என்று அம்மா நினைத்து நினைத்துப் பார்த்தாள்.

நேரிலேயே கேட்டும் பார்த்தாள். "எங்கிட்ட ரெண்டு கையாலயும்தான் அடிக்கிறா" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அக்கா மேல் ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல் வேறு. சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிவரப் போகும்போது அம்மாவின் பின்னலில் கிளிப் இருக்கும். தன் வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் இருக்காது. ஒரு தடவை என்றால் போகிறது, இதே வேலையாக இருந்தால்? கேவலம் கிளிப்புக்கு ஆசைப்படுகிறவள் குழந்தை விஷயத்தில் மட்டும் உண்மை பேசுவாளா என்ன?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்றுதான், "நீங்களும் வாங்கக்கா" என்று தேனாகப் பேசி அவளையும் கூட்டி வந்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள். டாக்டர் கேட்டால் மென்று முழுங்க முடியாதே. இனிமேல் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டாள்.

டாக்டர் குழந்தையை மேசையில் உட்கார வைக்கச் சொன்னார். இறக்கப் போனதுமே பாப்பா ஊரைக் கூட்டினாள். சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் விட்டுவிட்டார். வழக்கம்போல் இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டதும் சத்தம் நின்றது.

சாயங்காலம் ஏறினால் தூங்கும்வரை அந்த இடுப்பை விட்டு இறங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அம்மாவும் வலது கையால் பூட்டைத் திறப்பாள், சமைப்பாள், வெளியூரில் இருக்கும் கணவரை வீடியோவில் கூப்பிடுவாள். அவரும் இடது கை டாட்டாவைத்தான் பார்த்திருக்கிறார்.

டாக்டர் பேனாவைக் காட்டினார். இடது கை. சாவிக்கொத்தை ஆட்டினார். அதற்கும் இடது கைதான். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு குறைந்தது.

"பகல்ல யார்கிட்ட இருக்கா?"

"வெளியிலதான் இருக்காங்க. நீங்களே கேளுங்க டாக்டர்."

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. குழந்தை வலது கையால் எதையாவது எடுக்கிறதா என்று டாக்டர் அக்காவிடம் கேட்டார். பதிலே வரவில்லை.

அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. திரும்பிப் பார்க்கக்கூட மனசில்லாமல் கேட்டாள்.

"ஏன்க்கா வாயடைச்சு நிக்கறீங்க? இவ வலது கைக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க."

அக்கா சொன்னாள்:

"இப்பத்தாம்மா உங்க கிளிப்பைக் கழட்டி முடிச்சுது."